என்டர் தட்டினால் நாவல் ஆகிவிடுமா? இளையோருக்கான கவிதை நாவல் பற்றி ஓர் எளிய விளக்கம்

தமிழ் இணையத்தில் கவிதை பற்றி எந்தப் பேச்சு ஆரம்பித்தாலும் சீக்கிரமே ஒருவர் வந்து, "உரைநடையை எழுதி நடுநடுவே என்டர் தட்டினால் அதுதான் கவிதை" என்று கேலி செய்துவிட்டுப் போவார். புதுக்கவிதைக்கே இந்தக் கதி என்றால், ஒரு முழு நாவலையே இப்படி எழுதுகிறார்கள், அதுவும் பள்ளிப் பிள்ளைகளுக்காக என்று சொன்னால் கேட்கவே வேண்டாம். ஆனால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 10 வயதிலிருந்து 18 வயது வரை உள்ளவர்களுக்காக இப்படிப்பட்ட நாவல்கள் முப்பது வருடங்களாக வந்துகொண்டிருக்கின்றன. பெரிய பரிசுகளும் வாங்குகின்றன. அவற்றில் நிறையப் புத்தகங்கள் ஒரு குடும்பம் தலைகீழாக மாறுவதைப் பற்றியவை: அம்மா இறந்துபோகிறாள், அப்பா எங்கே என்று தெரியவில்லை, நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது, புதிதாக ஒருத்தி சமையலறைக்குள் வருகிறாள்.

இவற்றைப் பற்றி இரண்டு விதமான பேச்சைத்தான் அதிகம் கேட்கிறேன். ஒன்று, படிக்கச் சோம்பல்படும் பிள்ளைகளுக்காகச் சுருக்கி எழுதியவை. இன்னொன்று, ஆகா என்ன கவித்துவம். இரண்டையுமே புத்தகத்தைத் திறக்காமல் சொல்லிவிடலாம்.

என் கட்சி வேறு. வீட்டில் ஏதாவது பெரிதாக மாறும்போது பிள்ளைகளிடம் யாரும் முழுசாக எதையும் சொல்வதில்லை. கவிதை நாவலும் முழுசாகச் சொல்லாத வடிவம். அதனால்தான் இந்த விஷயத்துக்கு இந்த வடிவம் இவ்வளவு நன்றாக உட்காருகிறது. எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

## வீடியோவும் ஆல்பமும்

ஒரு கல்யாணத்துக்கு வீடியோவும் இருக்கும், ஆல்பமும் இருக்கும். வீடியோவில் நாதஸ்வரம் முதல் பந்தி வரை எல்லாம் வரிசையாக ஓடும், யார் எப்போது வந்தார், யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினார் என்பது வரை தெரிந்துவிடும். ஆல்பத்தில் அப்படித் தெரியாது. தாலி கட்டும் படத்தில் சித்தப்பா சிரித்துக்கொண்டு நிற்கிறார், நாலு பக்கம் தள்ளிக் குடும்பமாக எடுத்த படத்தில் ஆளைக் காணோம், சித்தி மட்டும் ஓரமாக நிற்கிறாள். நடுவில் என்ன நடந்தது? நீங்கள் பக்கங்களை முன்னும் பின்னும் திருப்பி, சித்தி அதற்கு முந்தின படத்தில் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தேடி, நடந்திருக்கக்கூடிய ஒரு சண்டையை நீங்களே எழுதிக்கொள்வீர்கள்.

சாதாரண நாவல் பெரும்பாலும் அந்த வீடியோ போல ஓடும், கவிதை நாவல் ஆல்பம் போல நிற்கும். ஒரே ஒரு வித்தியாசம்: ஆல்பத்தில் இடைவெளி தானாக விழுகிறது, கவிதை நாவலில் எழுதுகிறவர் அதைக் கணக்குப் போட்டு வைக்கிறார். அந்தக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது.

## எதைக் கவிதை நாவல் என்கிறோம்

ஒரே கதையை, தனித்தனியான சிறு கவிதைகளின் வரிசையாகச் சொல்லும் நாவலே கவிதை நாவல். பாத்திரங்கள் உண்டு, சிக்கல் உண்டு, ஆரம்பமும் முடிவும் உண்டு. பெரும்பாலும் ஒவ்வொரு கவிதைக்கும் தலைப்பு இருக்கும். அரைப் பக்கத்திலிருந்து மூன்று நான்கு பக்கம் வரை நீளம். கவிதைத் தொகுப்பு என்றால் நடுவிலிருந்து எடுத்துப் படிக்கலாம், இதில் முடியாது, நாற்பதாவது கவிதை புரிய முப்பத்தொன்பதையும் படித்திருக்க வேண்டும்.

எதுகை மோனை வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. வேண்டியதில்லை. செய்யுளில் நாவல் எழுதுவது ரொம்பப் பழைய விஷயம்தான், ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' 1833இல் முழுப் புத்தகமாக வந்தது, அதே செய்யுள் அமைப்பை எடுத்து இந்திய எழுத்தாளர் விக்ரம் சேத் 1986இல் சான் பிரான்சிஸ்கோ இளைஞர்களைப் பற்றி 'தி கோல்டன் கேட்' எழுதினார். ஆனால் இவை பெரியவர்களுக்கானவை, யாப்பும் எதுகையும் உள்ளவை. 1990களில் இளையோருக்காகக் கிளம்பிய அலை, யாப்பு இல்லாத புதுக்கவிதையில் எழுதப்பட்டது. அமெரிக்காவில் விர்ஜினியா யூவர் உல்ஃப் 1993இல் எழுதிய 'மேக் லெமனேட்', கேரன் ஹெஸ் 1997இல் எழுதிய 'அவுட் ஆஃப் தி டஸ்ட்' இரண்டும் ஆரம்ப காலப் புத்தகங்கள். இரண்டாவது, அமெரிக்கச் சிறார் இலக்கியத்தின் மிகப் பெரிய பரிசான நியூபெரி பதக்கத்தை 1998இல் வாங்கிய பிறகு, இதெல்லாம் ஒரு விளையாட்டு என்று யாரும் ஒதுக்க முடியாமல் போனது.

சரி, இதுவரை: கதை ஒன்று, கவிதைகள் பல, யாப்பு தேவையில்லை. இனி அந்த என்டர் விஷயத்துக்கு வரலாம்.

## வரியை எங்கே முறிப்பது

வாக்கியம் முடிவதற்கு முன்பே வரியை நிறுத்திவிட்டு அடுத்த வரிக்குப் போவதை வரிமுறிப்பு என்பார்கள். கேலிக்கு ஆளாவது இதுதான், ஆகவே ஓர் உதாரணத்தை நானே எழுதிக் காட்டுகிறேன். முதலில் உரைநடை:

"ஞாயிறு காலை அப்பா வந்தார். அம்மா கதவைத் திறந்தாள், ஆனால் உள்ளே வரச் சொல்லவில்லை. அப்பா ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார்."

இப்போது கண்ணை மூடிக்கொண்டு என்டர் தட்டியது:

ஞாயிறு
காலை அப்பா
வந்தார். அம்மா கதவைத்
திறந்தாள், ஆனால் உள்ளே வரச்
சொல்லவில்லை.

கேலி செய்கிறவர்கள் சொல்வது இதைப் பற்றி என்றால் நானும் அவர்கள் பக்கம்தான். "காலை அப்பா" என்று ஒரு வரி நிற்பதால் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. இதையே யோசித்து முறித்தால்:

ஞாயிறு காலை அப்பா வந்தார்.
அம்மா கதவைத் திறந்தாள்.
உள்ளே வாங்க என்று
சொல்லவில்லை.
ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு
அப்பா
என்னைப் பார்த்தார்.

மூன்றாவது வரி முடியும்போது, அம்மா கூப்பிட்டுவிட்டாள் என்று ஒரு கணம் உங்களுக்குத் தோன்றும். அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அடுத்த வரி அதைப் பிடுங்கிவிடுகிறது. தமிழில் வினையும் மறுப்பும் கடைசியில் வருவதால் இந்த வித்தை நமக்கு ஆங்கிலத்தை விட வசதி, நியாயமாகப் பார்த்தால் நாம் இதில் முன்னால் நிற்க வேண்டும். அப்புறம் "அப்பா" தனி வரியில் நிற்பதைப் பாருங்கள். உரைநடையில் இருந்த "என்ன செய்வது என்று தெரியாமல்", "சங்கடத்தோடு" இரண்டையும் எடுத்துவிட்டேன், ஆனால் சங்கடம் எங்கேயும் போகவில்லை, அந்தத் தனி வரியைச் சுற்றியுள்ள காலி இடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு செருப்பு என்ன ஆனது என்று நான் சொல்லவில்லை, நீங்கள் யோசித்துவிட்டீர்கள்.

அந்தக் காலி இடத்துக்கு வெற்றிடம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்: பக்கத்தில் அச்சாகாமல் விட்டிருக்கும் வெள்ளைப் பகுதி. கவிதை நாவலில் அது காகித விரயம் கிடையாது, பேச்சில் வரும் மௌனத்துக்கு அச்சில் கொடுக்கும் அடையாளம்.

## இரண்டு கவிதைகளுக்கு நடுவே

வரிகளுக்கு நடுவே நடப்பதே பெரிய அளவில் கவிதைகளுக்கு நடுவேயும் நடக்கிறது. நாவலின் உண்மையான எந்திரம் இதுதான். இதற்கு ஹெஸ்ஸின் 'அவுட் ஆஃப் தி டஸ்ட்' புத்தகத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இடம் ஓக்லஹோமா, காலம் 1934 குளிர்காலம் தொடங்கி 1935 இலையுதிர்காலம் வரை. அமெரிக்காவின் நடுப்பகுதியில் புல்வெளிகளைக் கோதுமைக்காக உழுது போட்டிருந்தார்கள், மழை பொய்த்ததும் மேல்மண் அப்படியே காற்றில் எழும்பிப் புழுதிப் புயல்களாக அடித்தது. சாப்பாட்டு மேசையில் தட்டையும் தம்ளரையும் கவிழ்த்தே வைத்து, பரிமாறும்போதுதான் நிமிர்த்துகிறார்கள். அந்த வீட்டில் பில்லி ஜோ என்ற 13 வயதுப் பெண், பியானோ வாசிப்பவள். அப்பா விவசாயி, ஆண் குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அம்மா இப்போது மறுபடி கர்ப்பம்.

அடுப்புப் பக்கத்தில் அப்பா ஒரு வாளி மண்ணெண்ணெயை வைத்துவிட்டுப் போகிறார். தண்ணீர் என்று நினைத்து அம்மா அதைக் காபிக்கு ஊற்றுகிறாள். தீ. அம்மா அப்பாவைக் கூப்பிட வெளியே ஓட, வீடு எரிந்துவிடப் போகிறதே என்று பில்லி ஜோ எரிகிற வாளியைத் தூக்கி வெளியே வீசுகிறாள், அதே நேரம் திரும்பி ஓடிவந்த அம்மாவின் மேல் அது விழுகிறது. அதன் பிறகு பிரசவத்தில் அம்மா இறந்துபோகிறாள், பிறந்த ஆண் குழந்தையும் தங்கவில்லை. பில்லி ஜோவின் கைகள் வெந்து, பியானோ போய்விட்டது.

இதையே உரைநடையில் எழுதியிருந்தால், யார் மேல் தப்பு என்று அப்பாவும் மகளும் மோதிக்கொள்ளும் ஒரு பெரிய காட்சி வந்தே தீரும் என்று நினைக்கிறேன். ஹெஸ் அப்படிச் செய்யவில்லை. வீட்டைச் சுத்தம் செய்ய வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் பேசிக்கொள்வது பில்லி ஜோவின் காதில் விழுகிறது. வாளியை வீசியது அவள்தான் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மண்ணெண்ணெயை அங்கே வைத்தது யார் என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கவிதை அங்கே முடிந்துவிடுகிறது. அடுத்தடுத்த கவிதைகளில் புழுதி, பள்ளி, சாப்பாடு, வானிலை. அப்பாவும் மகளும் ஒரே கூரையின் கீழே மாதக்கணக்கில் அந்தப் பேச்சைப் பேசாமல் இருக்கிறார்கள். பேசவில்லை என்று புத்தகம் அடிக்கடி சொல்வதில்லை, ஒவ்வொரு கவிதையும் அந்தப் பேச்சு வராமலே முடிந்துபோகிறது, அவ்வளவுதான். இன்னும் வரவில்லையே என்று நமக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த உறுத்தல்தான் அந்த வீட்டில் வாழ்வது எப்படி இருக்கும் என்பது.

## பிள்ளைக்கு எவ்வளவு தெரியும்

இந்த நாவல்கள் பெரும்பாலும் தன்மைக் கூற்றில் இருக்கும், அதாவது பிள்ளையே "நான்" என்று பேசும். பெரியவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று விளக்க மேலேயிருந்து பார்க்கும் கதைசொல்லி இல்லை. மூடிய கதவு, பாதியில் நின்ற தொலைபேசிப் பேச்சு, திடீரென்று பாட்டி வீட்டுக்கு அனுப்பப்படுவது, இப்படித் துண்டுகளாகத்தான் ஒரு பிள்ளைக்குத் தன் குடும்பத்தின் செய்தி வந்து சேர்கிறது. தனித்தனிக் கவிதைகள் அந்தத் துண்டுகளை ஒட்டவைக்காமல் அப்படியே வைத்துவிடுகின்றன.

குவாமி அலெக்சாண்டரின் 'தி கிராஸ்ஓவர்' 2015இல் நியூபெரி பதக்கம் வாங்கியது. இரட்டையர்களான ஜோஷ், ஜோர்டன் இருவரும் கூடைப்பந்து ஆடுகிறவர்கள், அப்பா ஒரு காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரர், இப்போது மருத்துவரிடம் போக மறுக்கிறவர். புத்தகமே ஆட்டத்தைப் போல கால்பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் இடங்களில் சொற்கள் பக்கத்தில் சரிந்தும் தாவியும் போகின்றன. (ரதபந்தம், நாகபந்தம் என்று தேர், பாம்பு வடிவத்தில் எழுத்துகளை அடுக்கும் சித்திரகவி பார்த்த நமக்கு இது அதிர்ச்சியாக இருக்கக் கூடாது.) எனக்குப் பிடித்தது வேறொன்று. நடுநடுவே அகராதி போல ஒரு சொல்லை எடுத்து அர்த்தம் சொல்லும் கவிதைகள் வருகின்றன. ஆரம்பத்தில் கூடைப்பந்துச் சொல். கொஞ்சம் போனதும் முழங்கால் நோயின் பெயர், பிறகு உயர் ரத்த அழுத்தம், பிறகு மாரடைப்பின் மருத்துவப் பெயர். அப்பாவுக்கு உடம்பு மோசமாகிக்கொண்டு வருகிறது என்று யாரும் ஜோஷை உட்காரவைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய சொற்களஞ்சியம் மாறுவதை வைத்தே நமக்குத் தெரிந்துவிடுகிறது, அவனுக்குத் தெரிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே.

தான்ஹா லாய் 2011இல் எழுதிய 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்' இன்னொரு வகை. 1975ஆம் ஆண்டின் டெட் எனும் வியட்நாமியப் புத்தாண்டில் தொடங்கி அடுத்த டெட்டில் முடிகிறது. தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்கிறது, 10 வயது ஹா, அம்மாவோடும் மூன்று அண்ணன்களோடும் கப்பல் ஏறி, கடைசியில் அலபாமாவில் வந்து இறங்குகிறாள். கடற்படையில் இருந்த அப்பா அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே காணாமல் போனவர், உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. இங்கே மாற்றம் என்பது ஒருவர் போவது கூட இல்லை, எப்போதோ போனவர் இனி வரமாட்டார் என்று வீடு மெதுவாக ஒத்துக்கொள்வது. பின்னம் வரை கணக்குப் படித்த பெண்ணை அலபாமா வகுப்பில் இருபது வரை எண்ணச் சொல்லிக் கை தட்டுகிறார்கள், அவளுக்கு எரிச்சல், ஆனால் சொல்ல ஆங்கிலம் இல்லை. வெளியே அவளுக்கு வாய் வரவில்லை, கவிதைக்குள் மட்டும் கூர்மையாகப் பேசுகிறாள். லாய் தானும் 1975இல் வியட்நாமிலிருந்து அலபாமாவுக்கு வந்தவர்.

சாரா குரோசன் 2012இல் எழுதிய 'தி வெயிட் ஆஃப் வாட்டர்' பற்றி ஒரு வரி: போலந்திலிருந்து அம்மாவோடு இங்கிலாந்தின் கோவென்ட்ரிக்கு வந்து, ஓடிப்போன அப்பாவைத் தெருத்தெருவாகத் தேடும் பெண், அவரைக் கண்டுபிடிக்கும்போது அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது.

ஆக, வரிமுறிப்பு ஒரு கணத்தைத் தாமதிக்க வைக்கிறது, கவிதைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பேசாமல் விட்டதை உணர வைக்கிறது, தன்மைக் கூற்று பிள்ளைக்குத் தெரிந்ததோடு நம்மை நிறுத்திவிடுகிறது. மூன்றும் சேர்ந்து வேலை செய்யும்போதுதான் இது கவிதை நாவல்.

## நமக்கு இது அவ்வளவு புதிதா

வடிவம் மேற்கில் இளையோருக்காக வளர்ந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் படிக்கும் முறை நமக்குப் பழகினது. சங்க அகப்பாடல் ஒவ்வொன்றும் ஒருவர் கூற்று. தலைவி சொன்னது, தோழி சொன்னது, வளர்ப்புத் தாயான செவிலி சொன்னது. கதைசொல்லி கிடையாது. யார், யாரிடம், எப்போது சொன்னது என்பதைப் பாட்டோடு வரும் துறைக்குறிப்பு சொல்லும், இந்த நாவல்களில் கவிதைத் தலைப்புகள் பல இடங்களில் அதே வேலையைத்தான் செய்கின்றன.

ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியை எடுத்து 371 முதல் 400 வரை தொடர்ந்து படித்துப் பாருங்கள். மகள் உடன்போக்கில், அதாவது காதலனோடு வீட்டை விட்டு, போய்விட்டாள், தாய் புலம்புகிறாள், அது பத்துப் பாட்டு. அடுத்த பத்து, வழியில் சுரத்திடையே, அதாவது வறண்ட பாலை வழியில், சொன்னவை. அதற்கடுத்தது மறுதரவுப் பத்து, திரும்பி வருவது. சின்னச் சின்னப் பாட்டுகள், நடுவே விளக்கம் எதுவும் இல்லை, ஆனால் ஒரு குடும்பத்தின் கதை கண்முன்னே நிற்கிறது. பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே வீட்டில் விடப்பட்டுப் பேசுகிறவள் தாய். இந்த நாவல்களில் விடப்பட்டுப் பேசுவது பிள்ளை.

## எங்கே சறுக்கும்

எல்லாக் கவிதை நாவலும் நல்லது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பரிசுகளுக்குப் பிறகு வந்தவற்றில் வெறும் என்டர் நாவல்களும் உண்டு, வரிகளைச் சேர்த்து எழுதிப் பார்த்தால் எதுவுமே குறையாது. இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம்: ஒரு கவிதையை உரைநடைப் பத்தியாக மாற்றி எழுதுங்கள், ஏதாவது தொலைந்துபோனால் முறிப்பு வேலை செய்திருக்கிறது.

நல்ல புத்தகங்களுக்கும் எல்லை உண்டு. ஒரே குரல் என்பதால் மற்றவர்கள் மெலிந்துபோவார்கள். இரண்டு பெரியவர்களுக்கு நடுவே உள்ள நீண்ட, இரு பக்கமும் நியாயமுள்ள வழக்கை இந்த வடிவத்தில் வைப்பது கஷ்டம். விவாகரத்தில் அம்மாவின் தரப்பு என்ன, அப்பாவின் தரப்பு என்ன என்று தீர விசாரிக்க ஆசைப்படுகிறவர் உரைநடை நாவலுக்குப் போவதே நல்லது.

சோம்பேறிப் பிள்ளைகளுக்கானது என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. பக்கத்தில் சொற்கள் குறைவு, ஆகவே தடிப் புத்தகத்தைக் கண்டு மிரளும் பிள்ளையும் வேகமாக ஐம்பது பக்கம் தாண்டிவிடும், அந்தத் தெம்பு சின்ன விஷயம் இல்லை. ஆனால் சொல் குறைந்ததால் வேலை குறையவில்லை. ஆசிரியர் சொல்லாமல் விட்டதை எல்லாம் படிக்கிறவர்தான் போட்டு நிரப்ப வேண்டும்.

## ஆரம்பிக்கிறவர்களுக்கு

சில கவிதைகளையாவது வாய்விட்டுப் படியுங்கள், வரி முடியும் இடத்தில் சின்னதாக நிறுத்தி. தலைப்பைத் தாண்டிப் போகாதீர்கள். தேதி போட்டிருந்தால் கவனியுங்கள், இரண்டு கவிதைகளுக்கு நடுவே எவ்வளவு நாள் ஓடியிருக்கிறது என்பதில் ஒரு செய்தி இருக்கும். ஒரே மூச்சில் முடித்துவிட முடியும்தான், ஆனால் முடித்த பிறகு மூன்றில் ஒரு பங்கையாவது மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

எதிலிருந்து தொடங்கலாம்? விளையாட்டுப் பிள்ளை என்றால் 'தி கிராஸ்ஓவர்'. ஊர் மாறி, பள்ளி மாறி வந்த பிள்ளை என்றால் லாய். நமக்குப் பழகின தெருக்கள் வேண்டும் என்றால் சென்னையில் பிறந்த பத்மா வெங்கட்ராமன் 2014இல் எழுதிய 'எ டைம் டு டான்ஸ்' இருக்கிறது. விபத்தில் ஒரு காலை இழந்த பரதநாட்டிய மாணவியின் கதை, நடப்பது சென்னையில். ஹெஸ்ஸின் புத்தகம்தான் இவற்றில் ஆகச் சிறந்தது என்பது என் எண்ணம், ஆனால் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் கொடுப்பதாக இருந்தால் அந்தத் தீ விபத்துப் பக்கங்களை முதலில் நீங்கள் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.